உணவும் நீரும் வழங்கப்படும்

சென்ற மாதம், என்னோடு வேலை பார்த்த ஒரு பரிசோதகர் வாட்ஸ்அப்பில் துண்டுப்பிரசுரம் ஒன்றை அனுப்பியிருந்தார். குரங்கம்மை பற்றியது. இப்போது அதை எம்-பொக்ஸ் என்றுதான் எழுத வேண்டுமாம். சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றியிருப்பதாகவும், பிழை இருந்தால் பார்த்துச் சொல்லும்படியும் கேட்டிருந்தார். ஓய்வுபெற்ற பிறகு இப்படி ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கிறது. நானும் மறுப்பதில்லை. சிவப்புப் பேனையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழாவது வரியோடு நின்றுவிட்டேன்.

"தனிமைப்படுத்தப்பட்டவருக்கு உணவும் நீரும் வழங்கப்படும்" என்று இருந்தது அந்த வரி.

எழுத்துப்பிழை இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் இதே வரியை நான் என் கையால் ஒரு கதவில் ஒட்டியிருக்கிறேன். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் குடிக்கத் தண்ணீரில்லாமல் கிடந்தார். முப்பத்து நான்கு வருட வேலையில் எத்தனையோ பார்த்தவன் நான். அந்தத் திங்கட்கிழமை காலையை மட்டும் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவிக்குக் கூடப் பாதிதான் தெரியும். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அது நடந்த தேயிலைத் தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. மற்றதெல்லாம் நடந்தபடியே.

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தவன். பி.எச்.ஐ. என்றால்தான் எங்கள் பக்கத்தில் தெரியும். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிங்களத்தில் எழுதக் கற்றேன், கிணற்றுக்கு எவ்வளவு குளோரின் போட வேண்டும் என்று கற்றேன், ஹோட்டல் சமையலறைக்குள் சொல்லாமல் நுழையக் கற்றேன். முதல் நியமனம் கலேவெலப் பக்கம். வயல் வேலை தொடங்கும் காலத்தில் எலிக்காய்ச்சல் வரும். வரப்பு வரப்பாகப் போய், சேற்றில் இறங்குமுன் மாத்திரை போடச் சொல்ல வேண்டும். ஒரு விவசாயி வாங்கிய மாத்திரையை மடியில் கட்டிக்கொண்டே செத்துப்போனார். எப்போது போட வேண்டும் என்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்று கடைசியாகச் சொன்னாராம். நான் சொல்லியிருந்தேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவருக்கு விளங்கியதா என்று திருப்பிக் கேட்கவில்லை. அதிலிருந்து எதைச் சொன்னாலும் கேட்டவரைத் திருப்பிச் சொல்ல வைப்பது என் வழக்கமாயிற்று. அந்த ஒரு வழக்கமே போதும், நான் நல்ல உத்தியோகத்தன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மாத்தளைக்கு மாற்றலாகி வந்தேன். கொவிட் காலத்தில் ஒரு நாளில் இருபது வீட்டுக் கதவுகளில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறேன். அப்போது ஊரே அதில்தான் நின்றது. ஒட்டிவிட்டு நான் திரும்புமுன் கிராம சேவகர் அரிசி பருப்புடன் வந்துவிடுவார். கோயில்காரர்கள் ஒரு பக்கம், பள்ளிவாசல்காரர்கள் ஒரு பக்கம் சோற்றுப் பொதி கொண்டு வருவார்கள். நான் சாப்பாட்டைப் பற்றி யோசித்ததே இல்லை. கதவில் காகிதம் ஒட்டினால் சாப்பாடு தானாக வரும் என்பது என் மனதில் படிந்துவிட்டது. இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் ஆனது என்று சொல்கிறேன்.

என் கடைசி மேலதிகாரி டொக்டர் நிலந்தி. சுகாதார வைத்திய அதிகாரி. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்த அறிக்கையையும் தானே வாசிக்க மாட்டார். எழுதியவரே எதிரில் நின்று உரக்க வாசிக்க வேண்டும். அவர் பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பார். வாக்கியம் முடியும் இடத்தில் பென்சிலை மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "கவுத?" என்பார். சிங்களத்தில் யார் என்று அர்த்தம். "குப்பை அகற்றப்பட்டது" என்று வாசித்தால், கவுத? "பெற்றோருக்கு அறிவிக்கப்பட்டது" என்றால், கவுத? யார் அகற்றியது, யார் அறிவித்தது, பெயர் வேண்டும். நாங்கள் வெளியே வந்து சிரிப்போம். அவர் இல்லாத நேரத்தில் ஒருவரை ஒருவர் அப்படிக் கேட்டுக் கேலி செய்வோம். எனக்குள் எரிச்சலும் இருந்தது. அரசாங்கக் கடிதம் என்றால் அப்படித்தான் எழுதுவார்கள், இந்தப் பெண்ணுக்கு அது தெரியவில்லை என்று நினைத்தேன்.

குரங்கம்மை பற்றிய சுற்றறிக்கை வந்த புதிதில் யட்டவத்தையில் ஒரு விளக்கக் கூட்டம் வைத்தோம். எங்கள் மாவட்டத்தில் குரங்குத் தொல்லை எல்லோருக்கும் தெரியும். தேங்காய், மா, வாழை எதையும் விட்டுவைக்காது. ஆகவே கூட்டத்துக்கு வந்தவர்கள் நோயைப் பற்றிக் கேட்கவில்லை, குரங்கைப் பற்றித்தான் கேட்டார்கள். குரங்கு கடித்துப் போட்ட மாம்பழத்தைப் பிள்ளைகள் தின்றால் வருமா? கூரையில் ஓடினால் வருமா? சுடுவதற்கு இனி அனுமதி கிடைக்குமா? நான் மணிக்கணக்காக விளக்கினேன். பெயரில்தான் குரங்கு இருக்கிறது, இது மனிதரிடமிருந்து மனிதருக்கு, உடம்போடு உடம்பு நெருங்கிப் பழகுவதால், ஒரே படுக்கை, ஒரே துவாய் பாவிப்பதால் வருவது என்றேன். கூட்டம் முடிந்தபோது டொக்டர் எனக்கு மீன் அடைத்த ஒரு மாலு பாண் வாங்கிக் கொடுத்து, நன்றாகப் பேசினீர்கள் என்றார். அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

அதற்குச் சில வாரங்களின் பின்பு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து அழைப்பு வந்தது.

தனலெட்சுமி என்று ஒரு பெண். நாற்பத்தாறு வயது. வளைகுடா நாடொன்றில் ஏழு வருடம் வீட்டு வேலை செய்துவிட்டு, பத்து நாளைக்கு முன்தான் ஊருக்கு வந்திருந்தார். காய்ச்சல், உடம்பெல்லாம் கொப்புளம், கழுத்தில் நெறி கட்டியிருந்தது, உள்ளங்கையிலும் புண். வெளிநாட்டிலிருந்து வந்தவர், உள்ளங்கையில் புண், நெறி. சுற்றறிக்கையில் சந்தேகப்படச் சொன்ன மூன்றும் இருந்தன. வைத்தியர் ஒருவர் கொப்புளத்திலிருந்து மாதிரி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். முடிவு திங்கட்கிழமை வரும். அதுவரை, ஆபத்தான அறிகுறி இல்லாமல் தனியறையும் உள்ளவர்களை வீட்டிலேயே வைத்திருக்கலாம் என்று வழிகாட்டல் சொன்னது. சந்தேகப்பட்டது தவறு என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

மத்தியானம் மோட்டார் சைக்கிளில் போனேன். எட்டு வீடுகளை ஒரே வரிசையில் ஒட்டிக் கட்டிய லயம். கடைசி வீடு தனலெட்சுமியின் தம்பி சிவலிங்கத்துடையது. அதன் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டிய ஒற்றைக் காம்பரா, ஒரே அறைதான். தனி வாசல். அக்கா வெளிநாட்டிலிருந்து அனுப்பியதைக் கொண்டு தம்பி அக்காவுக்காகவே கட்டியது. தனியறை என்ற நிபந்தனைக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. எனக்கு நிம்மதியாகக் கூட இருந்தது.

வாசலில் ஏற்கெனவே வேப்பிலை செருகியிருந்தார்கள். அடுத்த வீட்டுப் பார்வதி இளநீரைச் செம்பில் ஊற்றி எடுத்துக்கொண்டு அப்போதுதான் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் ஏறினார். ஐம்பது வயது மதிக்கலாம், கொழுந்து எடுக்கிறவர். நான் கையைக் காட்டித் தடுத்தேன்.

"அம்மா போட்டிருக்குங்கய்யா" என்றார். "எனக்குச் சின்னதுலயே போட்டு எறங்கிருச்சு. எனக்கு ஒண்ணும் ஒட்டாது. நான் பாத்துக்கிறேன்."

"இது அந்த அம்மை இல்லம்மா. இது வேற. உள்ள போனா உங்க வீட்டையும் அடைக்க வேண்டி வரும்."

அவர் செம்போடு திரும்பிப் போனார். அந்த இளநீரை நான்தான் திருப்பி அனுப்பினேன்.

டொக்டர் முன்கூட்டியே கையொப்பமிட்டு வைத்திருந்த அறிவித்தலைச் சுவரில் வைத்துப் பெயரும் திகதியும் எழுதினேன். பசை தடவிக் கதவில் ஒட்டினேன். சிவப்பு வெள்ளை நாடாவை இஸ்தோப்புத் தூணிலிருந்து தூணுக்குக் கட்டினேன். பிறகு எட்டு வீட்டாரையும் முற்றத்தில் நிற்கவைத்து அறிவித்தலை உரக்க வாசித்தேன். உள்ளே செல்வது தடைசெய்யப்பட்டுள்ளது. உணவும் நீரும் வழங்கப்படும். அவசரத் தேவைக்கு இந்த இலக்கத்துக்கு அழைக்கவும். மீறுவோர் மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும். இலக்கத்தைப் பெரிதாகத் தெரியும்படி தடித்த பேனையால் நானே எழுதியிருந்தேன்.

சிவலிங்கத்தின் மனைவியின் இடுப்பில் நான்கு மாதக் கைக்குழந்தை. பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு, தள்ளியே இருங்கள் என்று அவர்களிடம் தனியாகச் சொன்னேன். அந்தக் காம்பராவுக்குள் போக வேண்டாம் என்பதே என் அர்த்தம்.

கடைசியாகக் கதவருகே வந்து, ஆறடி தள்ளி நின்று, தனலெட்சுமியிடம் பேசினேன். கட்டிலின் ஓரத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னார். ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"பீலிக்கு மட்டும் போய்க்கலாமாங்கய்யா?"

தண்ணீர் பிடிக்கும் பீலி இருபது அடி தூரம். எட்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான்.

"வேணாம்மா. எல்லாரும் தொடுற பீலி. நீங்க வெளிய வராதீங்க. சாப்பாடு, தண்ணி எல்லாம் வாசல்ல கொண்டாந்து வைப்பாங்க."

"சரிங்கய்யா" என்றார்.

வைப்பாங்க என்றேன். யார் வைப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. நம் பேச்சில் அப்படி ஒரு வசதி இருக்கிறது. செய்கிறவர் யார் என்று சொல்லாமலே வாக்கியம் முழுமையாகிவிடும்.

கீழே வந்து டொக்டருக்கு அழைத்தேன். அவர் கண்டியில் ஒரு கூட்டத்தில் இருந்தார். அறிவித்தலை வரி வரியாக வாசித்துக் காட்டினேன். சாப்பாட்டு வரி வந்ததும், எதிர்பார்த்தபடியே, "கவுத?" என்றார். "தம்பி குடும்பம் இருக்கிறது" என்று சிங்களத்தில் சொன்னேன். சரி என்றார்.

அன்று நான்கு மணிக்கெல்லாம் தம்பி குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு அலுவிகாரையில் இருக்கும் மனைவியின் தாய் வீட்டுக்குப் போய்விட்டது. சமையலறை அந்தப் பூட்டுக்குள். அரிசியும் தண்ணீர்க் குடங்களும் அதற்குள். எனக்கு அது தெரியாது. வெள்ளி மாலை தனலெட்சுமிக்குத் தொலைபேசியில் அழைத்தேன். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு குடம் இருக்கிறது என்றார். உண்மைதான், ஒரு குடம் இருந்தது.

சனிக்கிழமை முழுவதும் நான் கலேவெலயில் இருந்தேன். விமான நிலையத்திலிருந்து தனலெட்சுமி வந்த பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த பெண் கலேவெலயில் இறங்கியிருந்தார். முகவரி கிடையாது. மரக்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் வீடு என்று மட்டும் தெரியும். சந்தையில் கடை கடையாக விசாரித்து, பின்னேரம் அந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தேன். காய்ச்சல் இல்லை, கொப்புளம் இல்லை. இருபத்தொரு நாள் கவனிக்க வேண்டியவற்றை விளக்கி, திருப்பிச் சொல்ல வைத்தேன். மிகவும் திருப்தியாக இருந்தது. இடையில் ஒரு தடவை தனலெட்சுமிக்கு அழைத்தேன். காய்ச்சல் கூடியிருக்கிறது என்றார். பெனடோல் போட்டு நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றேன். அதற்கும் சரிங்கய்யா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. சார்ஜ் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். நாளைக்கு முடிவு வந்துவிடும், தேவையில்லாமல் போகக்கூடாது என்றும் நினைத்தேன். தொடர்பைக் குறைப்பது என்று வழிகாட்டலிலேயே இருக்கிறது. வீட்டிலிருந்தபடியே, தனலெட்சுமியோடு பழகியவர்களின் பட்டியலைச் சுத்தமாகப் பிரதி எடுத்தேன்.

திங்கள் காலை எட்டு மணிக்கு லயத்துக்குப் போனேன். பார்வதி நாடாவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை. என்னைக் கண்டதும் அவர் ஓடி வரவில்லை, சத்தம் போடவில்லை.

"நேத்து மத்தியானம் வரைக்கும் உள்ளருந்து கதவத் தட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றார். "அதுக்கப்பறம் சத்தமில்ல."

எனக்கு விளங்கவில்லை. யார் சாப்பாடு கொடுத்தது என்று கேட்டேன். யாருமில்லை என்றார். தம்பி எங்கே என்றேன். வெள்ளிக்கிழமையே போய்விட்டார்கள் என்றார். அப்படியானால் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அதட்டினேன். ஆமாம், அதட்டினேன். அவர் தன் தொலைபேசியைத் திறந்து என் முகத்துக்கு நேரே காட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து ஐந்து அழைப்புகள். ஐந்தும் நான் தடித்த பேனையால் எழுதிய அந்த இலக்கத்துக்கு. அது எங்கள் அலுவலக இலக்கம். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும்.

"அரசாங்கத்துல குடுப்பாங்கன்னு எழுதி இருந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்தோம். நானே கொண்டு போயிருப்பேன். கேசு போடுவோம்னு வாசிச்சீங்களே. எனக்குப் புள்ளைங்க இருக்குங்கய்யா."

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. பையை இறக்கிப் பாதுகாப்பு உடையை எடுத்தேன். மேலங்கி, முகக்கவசம், கண்ணாடி, கையுறை. இந்த வரிசையை எத்தனையோ பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அன்றும் அதே வரிசையில்தான் போட்டேன். மேலங்கியின் நாடாவை முதுகுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டேன். வலது கையுறை கிழிந்துவிட்டது. குனிந்து பையில் இன்னொன்றைத் தேடினேன்.

"அத அப்பறம் போட்டுக்கலாமேங்கய்யா" என்றார் பார்வதி, மெதுவாக.

கதவைத் தள்ளினேன். பாதி திறந்து எதிலோ இடித்து நின்றது. கதவுக்கு உட்பக்கமாகத் தரையில் அவர் கிடந்தார். குடம் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டு வந்த பேரீச்சம்பழப் பெட்டி காலியாக, கொட்டைகள் ஒரு மூலையில் குவித்து வைக்கப்பட்டிருந்தன. உதடு வெடித்துக் கறுத்திருந்தது. செத்துவிட்டார் என்றே நினைத்தேன். குனிந்தபோது கண் திறந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். உடனே இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்து ஒளித்துக்கொண்டார்.

"தொடாதீங்கய்யா" என்றார். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. "ஒட்டிக்கும்."

நான் அப்படியே குந்தியிருந்தேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேலையில் சேர்ந்த நாள் முதல் எனக்கு அப்படி நேர்ந்ததே இல்லை. எந்த இடத்திலும் அடுத்த படி என்ன என்று எனக்குத் தெரியும். அன்று தெரியவில்லை. பார்வதிதான் நாடாவைத் தாண்டி வந்தார். என்னைத் தோளில் தள்ளி ஒதுக்கிவிட்டு, தனலெட்சுமியின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தேக்கரண்டியால் தண்ணீரைத் துளித் துளியாக உதட்டில் விட்டார். நான் தடுக்கவில்லை. அம்புலன்ஸுக்கு அழைத்துவிட்டு டொக்டருக்கு அழைத்தேன். அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன்.

அம்புலன்ஸ் வரும்வரை எட்டு வீட்டாரும் முற்றத்தில் நின்றார்கள். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மத்தியானம் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. குரங்கம்மை இல்லை. சாதாரணக் கொப்புளிப்பான், சின்னம்மை. அம்மா போட்டிருக்கிறது என்று பார்வதி சொன்னது சரி. உள்ளங்கைப் புண் என்னவென்று பிறகு வார்டில் கேட்டிருக்கிறார்கள். ஏழு வருடம் குளியலறை கழுவும் மருந்தில் கையை வைத்து வைத்து வந்த புண்ணாம். எங்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

முடிவைக் கேட்டதும் நான் அலுவலக வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் அந்த லயத்துக்குப் போகாமலே இருந்திருந்தால், அந்தப் பெண்ணுக்கு இளநீர் கிடைத்திருக்கும். கஞ்சி கிடைத்திருக்கும். தலைமாட்டில் ஒரு ஆள் இருந்திருக்கும். ஒரு பொதுச் சுகாதார உத்தியோகத்தன் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ளக்கூடிய செய்தியா இது?

செவ்வாய்க்கிழமை டொக்டர் என்னையும் அழைத்துக்கொண்டு லயத்துக்கு வந்தார். பார்வதியின் வீட்டுப் படியில் உட்கார்ந்தார். தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் கேட்டு, பார்வதி சொன்னதை எல்லாம் எழுதினார். அலுவிகாரையிலிருந்து சிவலிங்கமும் வந்திருந்தார். அழுதுகொண்டே இருந்தார். கொவிட்டில் கொடுத்ததுபோல் கொடுப்பார்கள் என்று நினைத்தேன் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு டொக்டர் எழுந்து, இன்னமும் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலுக்கு முன்னால் என்னை நிற்கச் சொன்னார். வாசிக்கச் சொன்னார்.

வாசித்தேன். உணவும் நீரும் வழங்கப்படும்.

"கவுத?" என்றார்.

தம்பி குடும்பம் என்று இனிமேல் சொல்ல முடியாது. கிராம சேவகர் என்று சொல்ல முடியாது, அவருக்கு நான் அறிவிக்கவே இல்லை. தோட்ட நிர்வாகம் என்று சொல்ல முடியாது. பார்வதி என்று சொல்ல முடியாது, அவரைத் தடுத்ததே நான். அத்தனை பேரும் சுற்றி நிற்க, அந்த வாக்கியத்துக்குள் ஒரு மனிதரைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. டொக்டர் அவசரப்படவில்லை.

"ஒருவரும் இல்லை" என்று சிங்களத்தில் சொன்னேன்.

அவர் தலையசைத்தார். பிறகு, "நானும் தொலைபேசியில் ஒரு தடவைதான் கேட்டேன்" என்றார். அறிவித்தலின் அடியிலிருந்த தன் கையொப்பத்தைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். அன்று மாலையே இரண்டு பேரும் தனித்தனியாக வாக்குமூலம் எழுதி மேலே அனுப்பினோம். என்னுடையதில் நான் எல்லா வாக்கியத்தையும் "நான்" என்று தொடங்கி எழுதினேன். எழுத்துமூலம் கண்டிக்கப்பட்டேன். அது நியாயம். இன்னும் கடுமையாக ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை.

தனலெட்சுமி பிழைத்தார். சிறுநீரகம் பாதிக்கப்பட்டு முதல் வாரம் ஆபத்தாகத்தான் இருந்தது. இரண்டு தடவை வார்டுக்குப் போனேன். முதல் தடவை தூக்கத்தில் இருந்தார். இரண்டாம் தடவை விழித்திருந்தார், ஆனால் நான் வாசலோடு திரும்பிவிட்டேன்.

அவர் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. ஒரு பின்னேரம் போனேன். முற்றத்தில் மிளகு காயப்போட்டுக் கொண்டிருந்தார். முகத்தில் அங்கங்கே தழும்பு. என்னைக் கண்டதும் முந்தானையைச் சரி செய்துகொண்டு எழுந்து, இஸ்தோப்பில் கதிரை போட்டார். நான் உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததில் பாதிகூட வரவில்லை.

அவர் மிளகைக் கையால் கிளறிக்கொண்டே இருந்தார். அவரிடம் கேட்கக்கூடாது என்று நினைத்திருந்த கேள்வி என் வாயில் வந்துவிட்டது. கதவு பூட்டியிருக்கவில்லையே, ஒரு நாடாதானே, பீலி இருபது அடிதானே, ஏனம்மா வெளியே வரவில்லை என்று கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. எனக்கு விளங்குமா விளங்காதா என்று யோசிப்பவர்போலப் பார்த்தார்.

"அங்க ஒரு வீட்டுல மேடம் என்னைய ரூமுல போட்டுப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. ஜன்னலு கண்ணாடிய ஒடைச்சுக்கிட்டு வெளிய வந்தவ நான். இங்கயும் பூட்டியிருந்தா ஒடைச்சிருப்பேங்கய்யா. நீங்க பூட்டல. அம்மான்னு கூப்பிட்டு, தன்மையா சொல்லிட்டுப் போனீங்க. எனக்கு அப்புடி யாரும் சொன்னதில்ல. கொண்டாந்து வைப்பாங்கன்னு நெனைச்சுக்கிட்டே இருந்தேன்."

சொல்லிவிட்டு மறுபடி குனிந்து மிளகைப் பரப்பத் தொடங்கினார். நான் அங்கேயே நின்றேன். பக்கத்து இஸ்தோப்பிலிருந்து பார்வதி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் இறங்கி, மிளகை அள்ளிச் சாக்கில் கட்டும் நேரம் வந்தது. சாக்கின் வாயைப் பிடிக்க அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. என்னிடம் கேட்கவில்லை. பார்வதியைத்தான் கூப்பிட்டார்.